வாய்க்கட்டு

வாய்க்கட்டுத் துணியை நான் யாரிடமும் தோய்க்கக் கொடுப்பதில்லை. சவர்க்காரம் போட்டு நானே தோய்த்து, நானே வெயிலில் காயவிடுவேன். ஜெயபுரத்தில் எங்கள் அம்மன் கோயிலில், பூசாரி வாயைக் கட்டிக்கொண்டுதான் பொங்க வேண்டும். மனித மூச்சு அம்மாள் மேல் படக்கூடாது. உலகம் மாஸ்க் போடப் பழகுமுன்னரே நாங்கள் பழகியவர்கள். விழிப்புணர்வுக்கு என்று நீங்களே என்னைப் படமெடுத்துச் சங்கக்கடைச் சுவரில் ஒட்டினீர்கள், சுகாதாரப் பரிசோதகர் ஐயா. படம் நன்றாகவே வந்திருந்தது.

பொங்கலுக்கு முதல்நாள் உங்கள் ஆட்கள் மூக்குக்குள் குச்சி விட்டுப் பார்த்து, எனக்குக் கொரோனா என்றார்கள். வீட்டை விட்டு இறங்கக்கூடாது என்றார்கள். விளங்கியது.

"அப்ப ஏரம்பண்ணை பொங்கட்டும். நீங்கள் பேசாமல் படுங்கோ," என்றாள் மனைவி ஜெயரூபி.

ஏரம்பு என் உதவிப் பூசாரி. அவன் பொங்கினால் பானை பொங்கி வழியாது என்று நான் பயப்படவில்லை. வழிந்துவிடும் என்றுதான் பயந்தேன்.

ஆகவே நானே போனேன். துணியை இரட்டையாக மடித்துக் கட்டினேன். அப்படியும் இருமல் வந்தால், சனத்தின் பக்கம் திரும்பி இருமினேன்.

பொங்கி முடிந்ததும் துணியை அவிழ்ப்பது வழக்கம். திருநீறு ஊதவேண்டுமே. உள்ளங்கையில் வைத்து, முகத்துக்கு நேரே ஊதுவேன். வரிசையில் சிவலட்சுமி வந்தார். முட்டு வருத்தக்காரி, வாசலில் இருந்து வருவதற்குள் மூச்சு வாங்கும்.

"போன வெள்ளி ஏரம்பண்ணை ஊதினவர், பூசாரியார். அண்டைக்கு நல்ல நித்திரை."

"அப்படியே?"

"ஓம். அவற்ற வாய்ராசி. நீங்களும் ஒருக்கா ஊதிவிடுங்கோவன்."

மற்றவர்களுக்கு ஒருமுறைதான் ஊதினேன். அவருக்கு மூன்று முறை. நெஞ்சின் அடியிலிருந்து எடுத்து ஊதினேன். "வாயைத் திறவுங்கோ அக்கா," என்றும் சொன்னேன். திறந்தார். எதை ஊதுகிறேன் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டார்.

"பூசாரியார் மூண்டுதரம் ஊதியும் உயிர் நிக்கேல்லை எண்டா, அது விதிதானே," என்று ஊரில் கதைத்தார்கள்.

ஊதியது நான்தான். தெரிந்துதான் ஊதினேன். அப்படியே எழுதுங்கள். ஆனால் குற்றம் என்று எழுதுமுன் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா: அம்மாள் மேல் என் மூச்சு ஒருமுறைகூடப் படவில்லை.