பின்னறையில் இருந்த துர்க்கை

நடுநாயகமாக வீற்றிருந்து, நான் எப்போது முடிப்பேன் என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் மண்டபத் தலைவர், மதிப்புக்குரிய குலசிங்கம் அண்ணை அவர்களே! முன்வரிசையில் முழங்கால் நோவோடு வந்தமர்ந்திருக்கும் மூத்தோரே! அவலும் கடலையும் ஆக்கிக் கொண்டுவந்து, ஆக்கிய அலுப்போடே அமர்ந்திருக்கும் அன்னையரே! அஜக்ஸிலிருந்தும் றிச்மண்ட் ஹில்லிலிருந்தும் அலைந்து வந்த அன்பர்களே! போனைப் பார்த்தபடியே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளையோரே! உங்கள் எல்லோருக்கும் களைத்துப்போன ஒருவனின் கைகூப்பு.

ஓம், களைத்துத்தான் போனேன். விடிய எழும்பி வேலைக்குப் போய், 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து, நேரே இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். கலியாண வீடா, பேசு. செத்த வீடா, பேசு. அரங்கேற்றமா, அதற்கும் பேசு. நவராத்திரி என்றால் வீரம், செல்வம், கல்வி என்று அதே மூன்று தேவியர், அதே மூன்று விளக்கம். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது; கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்திருக்கும். ஆகையால் செயற்குழு இம்முறை புதுத் தலைப்புத் தந்திருக்கிறது: வங்காளத் துர்க்கா பூசையின் பண்பாட்டுப் பொருள். பக்கத்து மண்டபத்தில் வங்காளிகள் விழா எடுக்கிறார்கள், அயலவரை அறிய வேண்டாமா என்றார்கள். அறியத்தான் வேண்டும்.

யார் அந்தத் துர்க்கை? அசுரனை அழித்தவள்; ஆயுதம் பல ஏந்தியவள்; சிங்கத்தின் மேல் சீறி நிற்பவள். இதெல்லாம் எமக்கும் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வங்காளிக்கு அவள் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த மகள்! கணவன் வீடு கைலாய மலையில். வருஷம் ஒருமுறை, பிள்ளைகள் நால்வரையும் கூட்டிக்கொண்டு அவள் தாய்வீடு வருகிறாள். நாம் கோபுரம் கட்டிக் கும்பிடுகிற பிள்ளையாரும் முருகனும் லட்சுமியும் சரஸ்வதியும் அங்கே தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு வருகிற குழந்தைகள். சரஸ்வதி எப்படி மகளானாள் என்று அங்கே ஒரு ஐயா புருவத்தை உயர்த்துகிறார். அவர்கள் வீட்டுச் சொந்தபந்தம் அப்படி ஐயா, விடுங்கோ.

வந்த மகள் போகத்தானே வேண்டும்? கடைசி நாளன்று பெண்கள் வரிசையாக வருவார்கள். வெற்றிலையால் அவள் முகத்தைத் துடைப்பார்கள். வாயில் இனிப்பு வைப்பார்கள். காதருகே குனிந்து, அடுத்த வருஷமும் வா அம்மா என்பார்கள். பூசகர் தண்ணீரில் கண்ணாடியை வைத்து, அதில் அவள் நிழல் தெரியச் செய்து, அவளை வழியனுப்பிவிடுவார். அவர்கள் ஊரில் என்றால் சிலையை ஆற்றில் கரைப்பார்கள். இங்கே ஒன்ராறியோ வாவியில் கரைக்க விடுவார்களா? பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். பெட்டிக்குள் இருப்பது வெறும் உருவம். மகள் போய்விட்டாள்.

இங்கேதான் நாங்கள் ஒரு பிழை விட்டோம். போன வருஷம், அவர்களிடம் வைக்க இடமில்லாமல், அந்தப் பெட்டி எங்கள் பின்னறைக்கு வந்தது. அறைப் பூட்டின் திறப்பு, தலைவரின் துணைவியார் குணவதி அக்காவின் கையில். பெட்டியின் மூடி சரியாக மூடுபடவில்லை. உள்ளே பார்த்தால் அம்மன் முகம்! பூசித்த அம்மனைப் பூசையில்லாமல் பூட்டிவைக்க எங்களில் யாருக்கு மனம் வரும்? அக்கா விளக்கு வைத்தார். பூ வைத்தார், பழம் வைத்தார், பால் வைத்தார். பனி கொட்டியது, பஸ் பிந்தியது, அக்கா வந்தார். ஒருநாள் புகை மணி அலறியது, கட்டடக்காரர் வந்து சத்தம் போட்டார், தலைவர் திறப்பை வாங்கிக்கொண்டார். சிரிக்கிறீர்கள். நானும் அப்போது சிரித்தேன்.

செய்தி கேட்டு வங்காளச் சங்கத்துச் சுதேஷ்ணா வந்தார். சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தோம். அவர் முகம் வாடிப்போனது. அவருக்கும் அக்காவுக்கும் நடுவே நின்று மொழிபெயர்த்தவன் நான். அழுது அழுது வழியனுப்பிய மகளை நீங்கள் நாளும் பொழுதும் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அவள் எப்படி வீடுபோய்ச் சேருவாள் என்று கேட்டார். குணவதி அக்கா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"நான் என்ர பிள்ளையை அனுப்பேல்லைத் தம்பி. அவையள் கொண்டு போனவை. நான் அனுப்பேல்லை."

சபையோரே, அந்தப் பிள்ளையின் பெயர் சுபாங்கி. யுத்தம் முடிந்த கிழமை, சனத்தோடு சனமாக வரிசையில் நின்றவளை விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஆமிக்காரர் கூட்டிப் போனார்கள். அவ்வளவுதான். இருக்கிறாள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இல்லை என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. இதை இந்த மேடையில் சொல்ல அக்காவிடம் அனுமதி கேட்டேன். சொல்லுங்கோ, ஆனால் ஒருவரும் பாவம் பார்க்க வேண்டாமெண்டும் சொல்லுங்கோ என்றார். தலைவர் அவர்களே, உங்களிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டீர்கள் என்று தெரியும்.

சுதேஷ்ணா அன்றைக்கே அக்காவின் கையைப் பிடித்து, இந்த வருஷம் நீங்களும் வரிசையில் வந்து அவள் முகத்தைத் துடைத்து அனுப்புங்கள் என்று கேட்டார். அக்காவுக்கு ஆசை. அதைவிடப் பயம். அனுப்பினால் பிள்ளையைக் கைவிட்டதாகிவிடுமோ? தலைவரோ ஒரேயடியாக மறுத்துவிட்டார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு என்னால் செத்த வீடு செய்ய ஏலாது என்றார்.

அண்ணை, எனக்குத் தந்த தலைப்பின் பொருள் இதுதான், கேளுங்கோ. அது செத்த வீடு அல்ல! செத்தவளுக்கு யாராவது அடுத்த வருஷம் வா என்று சொல்வார்களா? இனிப்பு ஊட்டுவார்களா? போகிற மகளுக்குச் செய்ய வேண்டியதை ஒரு குறையும் இல்லாமல் செய்து, அழுகை வந்தால் அழுது, பிறகு ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து வீடு போகிற விழா அது. எங்களில் யாருக்கு அது வாய்த்தது? வீட்டை விட்டோம், சொல்லிக்கொள்ளாமல் விட்டோம். ஊரை விட்டோம், திரும்பிப் பாராமல் விட்டோம். பெற்ற பிள்ளையை வரிசையிலே விட்டோம், ஒரு மிடறு தண்ணீர் கொடுக்காமல் விட்டோம்! முகம் துடைத்து அனுப்பியவர் யார்? போயிட்டு வா என்று சொன்னவர் யார்? சொல்லாத சொல் தொண்டையிலே நிற்க, எத்தனை காலமாக இந்தக் குளிரிலே வேலைக்குப் போய் வருகிறோம்! எங்கள் களைப்பெல்லாம் வேலைக் களைப்பென்றா நினைக்கிறீர்கள்?

பக்கத்து மண்டபத்தில் மேளம் தொடங்கிவிட்டது. வரிசையும் தொடங்கியிருக்கும்.

நாலாம் வரிசையில் இருப்பவர்கள் கதிரையைக் கொஞ்சம் இழுங்கோ. அக்கா எழும்பிறா. ஒருவரும் கைதட்ட வேண்டாம், வழியை மட்டும் விடுங்கோ. இளையோரே, படம் எடுக்காதேயுங்கோ.

தலைவர் அவர்களே, நீங்கள் எங்கே எழும்புகிறீர்கள்? அடுத்தது உங்கள் உரையல்லவா? சரி, அது கிடக்கட்டும். படி பார்த்து இறங்குங்கோ அண்ணை. கெதியாப் போங்கோ, அக்கா வாசலில் நிக்கிறா.

தலைவரே இறங்கிப்போன சபையில் பேச்சாளனுக்கு இனி என்ன வேலை? பொறுமையோடு கேட்டிருந்த உங்களுக்கு என் நன்றி. முகம் துடைத்து அனுப்ப முடியாமற்போன எங்கள் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் என் வணக்கம்.