மாத்திரை மேல் பழி வேண்டாம்

வெளியே காத்திருந்தபோது உங்கள் மீன் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், டாக்டர். மீன்கள் சத்தமே போடுவதில்லை. அவற்றின் மேல் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

என் மனைவி உங்களுக்குப் போன் செய்தது தெரியும். தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு, தூக்கத்திலேயே எழுந்து நான் ஏதோ செய்துவிட்டதாகச் சொல்லியிருப்பாள். நீங்கள் அதை எழுதிவைப்பதற்கு முன் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

நான் பேக்கரியில் இரவு வேலை பார்ப்பவன். ஊர் எழுந்திருக்கும்போது படுப்பேன். பல வருடங்களாக அதில் ஒரு குறையும் இல்லை. பிறகு மனைவியின் தம்பி வந்தான். ஒரு பெரிய வாத்தியக் குழுவில் சேரத் தேர்வு வைக்கிறார்கள், பயிற்சிக்கு ஒரு வாரம் தங்குகிறேன் என்று கிளாரினெட்டோடு வந்தவன், மூன்று மாதமாக எங்கள் ஹாலில் இருந்தான். நல்லவன்தான், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பான். ஆனால் ஒரே பாட்டைத்தான் வாசிப்பான். பாதியில் ஒரே இடத்தில் தடுக்குவான். தடுக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரமாட்டான், மறுபடி முதலிலிருந்து வருவான். அந்தப் பாட்டு எப்படி முடியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் சிவந்த கண்ணோடு வெளியே வந்தால், "என்ன அத்தான், தூங்கலையா? இப்ப தேவலையா வாசிக்கிறேனா?" என்று கேட்பான்.

மனைவி குறுக்கே வருவாள். "அவன் மெதுவாத்தான் ஊதுறான். உங்களுக்குத்தான் பாம்புக் காது."

அப்போதுதான் உங்களிடம் வந்தேன். நீங்கள் மாத்திரை எழுதிக் கொடுத்து, கூடவே விதிகளும் சொன்னீர்கள். ஒன்றைக்கூட நான் மீறவில்லை. படுக்கையில் ஏறி உட்கார்ந்த பிறகே விழுங்கினேன். ஏழெட்டு மணி நேரம் முழுதாகத் தூங்க முடியாத நாளில் தொடவே இல்லை. மது கூடாது என்றீர்கள், பேக்கரியில் ரம் ஊற்றிய கேக்கைக்கூட ருசி பார்க்கவில்லை. தலை நன்றாகத் தெளியும்வரை வண்டியை எடுக்கவில்லை. உங்களுக்குக் கொடுத்ததை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றீர்கள். மைத்துனனின் காப்பியில் ஒன்றைப் போட்டால் என்ன என்று ஒருமுறை தோன்றியது. உங்கள் முகம் நினைவுக்கு வந்தது, விட்டுவிட்டேன்.

அந்த இரண்டு வாரமும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது என்று சொல்லியிருந்தீர்கள். கெடு முடிந்த அன்றே, மிச்சமிருந்த மாத்திரைகளை மருந்துக்கடை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை, நான் கண்ணை மூடியதும், பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது.

ஒரு வாரம் பொறுத்தேன்.

தேர்வுக்கு முந்தின நாள் எனக்கு விடுமுறை. அவனுக்குப் புதுச் சட்டை வாங்க அக்காவும் தம்பியும் கிளம்பிப் போனார்கள். நல்ல வெயில் நேரம். கிளாரினெட் ஐந்து துண்டாகக் கழலும், டாக்டர். பலமே வேண்டாம், மூட்டு மூட்டாகத் திருகினால் போதும். குப்பையில் போட்டால் யாராவது எடுத்து வந்து கொடுத்துவிடுவார்கள். எங்கள் தெருவில் எல்லோரும் உபகாரிகள். மாவு பிசைவது எனக்குக் கை வந்த வேலை. துண்டுக்கு ஒரு ரொட்டி. பொறுமையாக உப்ப விட்டு, மேலே பால் தடவி, வீட்டு ஓவனில் பொன்னிறமாக வேக வைத்து, துணி போட்டு மூடினேன். பிறகு நிம்மதியாகப் படுத்துவிட்டேன். அங்கேதான் சறுக்கினேன்.

கடை கடையாக ஏறி இறங்கிப் பசியோடு வந்தவன் ரொட்டியைக் கண்டதும் கத்தியை எடுத்திருக்கிறான். கத்தி இறங்கவில்லை. அவன் அழுத சத்தத்தில்தான் விழித்தேன். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. சற்று ஓய்ந்து, மறுபடி முதலிலிருந்து அழுதான்.

மனைவி ரொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "டாக்டர் சொன்னாரே, சில பேர் தூக்கத்துலயே எழுந்து சமைப்பாங்க, அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இருக்காதுன்னு. இது அந்த மாத்திரை பண்ண வேலைங்க."

மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தது அவளுக்குத் தெரியாது. நான் பொய் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அவள் எனக்குப் போர்த்திவிட்டாள்.

அத்தோடு போயிருக்கும். முந்தாநாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "பாவங்க அவன். தேறியிருந்தா இந்நேரம் வேற ஊருக்குப் போயிருப்பான். தங்க வீடுகூட அவங்களே குடுக்கிறாங்களாம்."

எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை, டாக்டர். அடுத்த தேர்வு அடுத்த வருடம்தான். அதுவரை அவன் எங்கள் ஹாலில்தான்.

இப்போது புரிந்திருக்கும். தூக்கத்தில் எழுந்து காரியம் செய்தவனுக்கு அந்த மாத்திரையை மறுபடி கொடுக்கவே மாட்டேன் என்று சொன்னவர் நீங்கள். அதனால்தான் உண்மையைச் சொல்கிறேன். நான் முழு விழிப்போடு இருந்தேன். மருந்துக்கடை அம்மாவைக் கேளுங்கள். தூங்குகிறவன் ரொட்டிக்குப் பால் தடவுவானா? மாத்திரை ஒரு பாவமும் அறியாது. இன்னும் ஒரே ஒரு இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

நேற்று அவனுடைய நண்பன் ஒருவன் இரக்கப்பட்டு டிராம்போன் கொடுத்திருக்கிறான். கையை நீட்டி நீட்டி ஊதும் பெரிய பித்தளைக் குழல். நீங்கள் கவலைப்பட வேண்டாம், நான் திருந்திவிட்டேன். எப்படிக் கழற்றினாலும் அது எங்கள் ஓவனில் நுழையாது. அளந்து பார்த்துவிட்டேன்.