தன் வீட்டுச் சேதி சொல்லாத தண்டோராவுக்கு

மணமும் மகப்பேறும், பிணியும் பிரிவும், எதுவாயினும் முந்திக்கொண்டு மொழியும் எங்கள் முதன்மைச் செயலாளரே! விலங்கியல் வகுப்பின் வற்றாத வாயே! கண்ணாடிக் கடை வைத்து ஊரார் பார்வையைத் திருத்தியபடியே, எங்கள் கைப்பேசிகளை ஒரு பொழுதும் உறங்கவிடாத உத்தமரே! கல்லூரியில் நாங்கள் வைத்த ‘தண்டோரா’ என்னும் பட்டத்தை, பல்கலைக்கழகம் தந்த பட்டத்தைவிடப் பத்திரமாகக் காத்துவரும் தம்பியே! வகுப்புச் செயலாளர் பொறுப்பிலிருந்து தாங்கள் ஓய்வு பெறும் இந்நாளில், உடன் படித்தோர் அனைவரும் வணங்கியும் வாழ்த்தியும், வயிற்றெரிச்சலை மறைக்காமலும் வழங்கும் மடல் இது. பிள்ளை பெற்ற பிறகு படிக்க வந்து, உங்கள் எல்லோருக்கும் அக்காவாகிப்போன நான், எல்லோர் சார்பிலும் எழுதுகிறேன்.

முதலில் அஞ்சலட்டையாக வந்தீர்கள். பிறகு தொலைபேசியாக வந்தீர்கள். பிறகு கைப்பேசிக் குழுவாகவே குடியேறினீர்கள். யாருக்குப் பெண் பிறந்தது, யாருக்கு வேலை போனது, யார் யாரோடு பேசுவதில்லை, யாருடைய இதயத்தில் எத்தனை அடைப்பு என்பதெல்லாம் அவரவர் வீட்டாருக்கு முன்பே தங்களுக்குத் தெரிந்திருந்தது. ஐம்பதைத் தாண்டியதும் சேதிகளின் நிறம் மாறியது. கல்யாணப் பத்திரிகை வந்த இடத்தில் பரிசோதனை முடிவுகள் வந்தன. வகுப்பில் ஒருவர் மறைந்தால், இறுதியாண்டுக் குழுப்படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டி, ‘நம்மில் ஒருவர்’ என்று எழுதிக் குழுவில் போடும் வழக்கத்தைத் தாங்கள்தான் கொண்டுவந்தீர்கள். அழகான வழக்கம். அதனால் நேர்ந்த கூத்தையும் சொல்லாமல் விடமுடியாது.

நம் லாரிக்காரர் தம் பிறந்தநாளன்று, இளமையில் எப்படி இருந்தோம் என்று காட்டும் ஆசையில், அதே படத்திலிருந்து தம் முகத்தைத் தாமே வெட்டிப் போட்டார். பார்த்தவர்களெல்லாம் அவரை மேலுலகத்துக்கு அனுப்பிவைத்துவிட்டார்கள். பிறகு அவர் தங்களை அழைத்துப் பேசியதை எனக்கு அவரே சொன்னார்.

“டேய் தண்டோரா, வாசல்ல நம்ம பல் டாக்டர் மாலையோட நிக்கிறான்டா. என்னைப் பாத்துட்டு அவன்தான் விழப்போறான்.”

“உன்னை யாரு பழைய மூஞ்சியைப் போடச் சொன்னது?”

“என் மூஞ்சிடா அது.”

“இருந்தா என்ன? கேட்டுட்டுப் போடணும். சரி, உள்ள கூப்பிட்டு டீ குடு. மாலையைக் கடையில திருப்பி எடுக்கமாட்டான். நீயே போட்டுக்க, பிறந்தநாள்தானே.”

அந்த லாரிக்காரர்தான், தம் மாமியாரின் குடலிறக்க அறுவைசிகிச்சையை நாள்தோறும் படத்துடன் குழுவில் போட்டு நம்மைக் கதிகலங்க வைத்தவர். அதன்பிறகு தாங்கள் ஒரு சட்டம் போட்டீர்கள்: வகுப்பாருடைய சேதி மட்டுமே குழுவில் வரலாம்; கட்டிக்கொண்டவர், கட்டிக்கொண்டவரின் வீட்டார் சேதிக்கு இடமில்லை. நாங்கள் கைதட்டினோம். சட்டம் இத்தனை விபரீதமாக விளையும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன மாதம் ‘எனக்கு ஓய்வு வேண்டும், குழுவிலிருந்தும் விலகுகிறேன்’ என்று ஒற்றை வரி எழுதினீர்கள். ஒற்றை வரியில் நிறுத்துகிற ஆளா தாங்கள்? கோபமோ என்று சிலர் நினைத்தார்கள். சர்க்கரை கூடிவிட்டதோ என்று சிலர். நான் அழைத்தேன்.

“என்னப்பா, யாரு மேல கோவம்?”

“ஒண்ணும் இல்லக்கா. ஓய்ஞ்சுபோச்சு.”

“உங்கிட்டப் பேசி ஆகாது. ஃபோனை உன் வீட்டுக்காரிகிட்டக் குடு.”

கடை ஷட்டரை யாரோ இழுக்கும் சத்தம் கேட்டது.

“அவ போயிட்டாக்கா. மழைக்காலத்துலயே.”

“ஏன்டா, நாலு மாசம் ஆச்சு. ஊர்ச் சாவெல்லாம் எனக்குச் சொன்ன. இதைச் சொல்லலையே.”

“எங்க சொல்றது? குரூப்புல போடமுடியாதே. அவ நம்ம கிளாஸ் இல்லையேக்கா.”

“சட்டம் போட்டவன் நீதானே.”

“அதான். நானே மீறினா நல்லாவா இருக்கும்?”

இதற்கு என்ன பதில் சொல்வது? உடன் படித்தவர்களே, நீங்களே சொல்லுங்கள். அந்த நாளில் இவர் குழுவில் என்ன எழுதினார் என்று தேடிப் பார்த்தோம். பல் டாக்டருடைய மகளின் நிச்சயதார்த்தத்துக்கு எல்லோரும் தவறாமல் போகும்படி நினைவூட்டியிருக்கிறார். கூடத்தில் மனைவியைக் கிடத்திவிட்டு, மண்டபத்துக்கு வழி எழுதியிருக்கிறார். நாங்கள் போனோம். சிரித்துப் படம் எடுத்துக்கொண்டோம். தாங்கள் மட்டும் வரவில்லையே என்று கிண்டலும் செய்தோம். எங்களை இப்படி மூடர்களாக்கிய தங்களைப் பாராட்டுவதா, பக்கத்தில் உட்காரவைத்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பதா என்றே விளங்காமல்தான் இம்மடலை எழுதத் தொடங்கினேன்.

ஆகவே, வகுப்பார் கூடி முடிவெடுத்துவிட்டோம். செயலாளர் பதவியிலிருந்து தங்கள் விலகல் ஏற்கப்படுகிறது. குழுவிலிருந்து விலகல் ஏற்கப்படவில்லை. மாமியார் சட்டம் இன்றோடு ஒழிந்தது. லாரிக்காரரை மட்டும் கண்காணிப்போம். புதிய செயலாளராகிய பல் டாக்டரின் முதல் அறிவிப்பை, தங்களைக் கேட்காமலே, இங்கே வாசிக்கிறோம்:

‘நம்மில் ஒருவர் மறைந்தார். தண்டோரா கடைக்குப் போயிருந்த வேளைகளிலெல்லாம் வீட்டில் நம் அழைப்புகளை எடுத்து, நம் புலம்பலை முழுக்கக் கேட்டவர். நம் குழந்தைகளின் பெயர்களை, படித்த நாமே மறந்தபோதும், மறக்காமல் விசாரித்தவர். தேர்வு எழுதவில்லை; வருகைப்பதிவு நம் எல்லோரையும்விட அதிகம். அனைவரும் எழுந்து நிற்கவும்.’

தம்பி, தாங்கள் மட்டும் உட்கார்ந்திருக்கலாம். இத்தனை ஆண்டுகள் எங்களுக்காக நின்றது போதும்.

பார்வை மங்காமல், பல் ஆடாமல், நூறாண்டு நலமுடன் வாழ்க எனப் பெரியவளாக வாழ்த்துகிறேன். வாழ்த்து ஒருபுறம் இருக்கட்டும். ஞாயிறு காலை, தங்களை எங்களிடம் அழைத்துவர, லாரிக்காரர் தங்கள் வீட்டுக்குக் கீழே வந்து ஹாரன் அடிப்பார். அது லாரி ஹாரன். தெருவார் சண்டைக்கு வருமுன் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி வரவும்.

இவண்,
பொறுமையிழந்த அன்புடன்,
விலங்கியல் வகுப்பார் அனைவரும்