மலாவிப் பள்ளிக்கூடத்தில் அப்பாவின் படம்

மார்க்கம் றோட்டுச் சாப்பாட்டுக்கடையில் இடியப்பத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தன்னோடு வந்தவரிடம் சொன்னார்:

“மலாவியிலை பிள்ளையள் என்ரை அப்பாவைத் தேடுதுகளாம்.”

“அவர் செத்துப் பத்து வருசமெல்லே, அண்ணை?”

“ஓம். அவரின்ரை நினைவா அங்கை ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு மேசை, கதிரை குடுத்தனான். வகுப்பிலை அவரின்ரை படத்தையும் மாட்டச் சொன்னனான். கோட்டும் ரையும் போட்ட படம்.”

“எங்கடை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்திருக்கலாமே?”

“அங்கை சுவரிலை இடமில்லை, தம்பி. எல்லாரின்ரை அப்பாமாரும் தொங்கிக்கொண்டிருக்கினம்.”

“சரி, பிள்ளையள் ஏன் தேடுதுகள்?”

“ஆறு வகுப்புக்கு ரெண்டு வாத்திமார்தான். படத்திலை இருக்கிறவர் கணக்குப் படிப்பிக்க வரப்போற புது வாத்தியார் எண்டு நினைச்சிட்டுதுகள். எப்ப வருவார் எண்டு தலைமை ரீச்சர் கேட்டு எழுதினவ.”

“நீங்கள் என்ன எழுதினனீங்கள்?”

“அவர் செத்திட்டார் எண்டு எழுதினன்.”

“அதுக்கு?”

“ஆழ்ந்த அனுதாபமாம். அவருக்குப் பதிலா ஆரை அனுப்புவீங்கள் எண்டு கேட்டிருக்கிறா.”

“கேட்பினம்தானே. என்ன செய்யப் போறியள்?”

இடியப்பப் பெட்டி வந்தது. பெரியவர் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

“அம்மாவின்ரை படத்தைப் பெரிசாக்கக் குடுத்திருக்கிறன்.”