ஒன்பது வரிகளுக்கு ஓர் உரை

தேநீருக்கு நன்றி. சர்க்கரைக் கட்டியைக் கரைக்காமல் பல்லிடுக்கில் வைத்துக் குடிப்பது என் பழக்கம்; தவறாக நினைக்காதீர்கள்.

அவெர்யான் தொலுபேயெவை எத்தனை காலமாகத் தெரியும் என்று கேட்டீர்கள். இருபத்துமூன்று வருடமாக. ஜார் காலத்தில், பீட்டர்ஸ்பர்க் நிலவறை மதுக்கடை ஒன்றில், சட்டைப் பொத்தானில் முள்ளங்கியைச் செருகிக்கொண்டு மேடையேறி, "ஸுபுல் த்ரெங், மெயா குர்லீ" என்று கவிதை சொன்னவன். எந்த மொழியிலும் இல்லாத சொற்கள். ஒரு சொல் தப்பித்தவறி எதையாவது குறித்துவிட்டால் அதை அடித்துவிடுவான். அதே மேடையில் நான் பனியைப் பற்றி ஒழுங்காக எழுதிய ஒன்றை வாசித்தேன்.

"இக்னாத்தி, முழுசாப் புரியுதுடா. நல்ல டாக்டராப் பாரு" என்றான்.

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு நான் கவிதை எழுதவில்லை, பள்ளியில் இலக்கணம் சொல்லிக்கொடுத்தேன். அதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டேன்.

போன வசந்தத்தில் அவனைப் பிடித்தார்கள். உங்களுக்கு முன்பு இந்த நாற்காலியில் இருந்து விசாரித்த தோழர் ஷெல்வாகோவ் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சலித்துப்போன மனிதர். அவன் வீட்டில் கைப்பற்றிய ஒன்பது வரிகளை நீட்டினார்; அதே த்ரெங், அதே குர்லீ.

"இது சங்கேதமா, உளறலா? உளறல்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சாயங்காலமே அந்தாளு வீட்டுக்குப் போயிடுவாரு. எனக்கும் ஒரு வேலை குறையும்."

நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

நண்பனின் கவிதையை உளறல் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பதவுரை, பொழிப்புரை, அடிக்குறிப்பு எல்லாமாகப் பதினேழு பக்கம் வந்தது. 'மெயா' மே தின அணிவகுப்பு. 'த்ரெங்' குண்டு வெடிக்கும் ஓசை. 'குர்லீ' எந்தத் தலைவர் என்பதையும் நிறுவினேன். அந்த வாரம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

ஷெல்வாகோவ் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, என்னை வாசிக்கச் சொன்னார். அவெர்யானுக்கு முன்பல் இரண்டு இல்லை.

"இக்னாத்தி, விளையாடாதடா. அதுல ஒண்ணுமே இல்லன்னு உனக்குத் தெரியும். உன்னத் தவிர யார் சொன்னாலும் இவங்க நம்ப மாட்டாங்கடா. சொல்லிடு."

"உன்னையே நீ குறைச்சு எடை போடறடா" என்றேன்.

வாசித்து முடித்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஜூனில் அவனைச் சுட்டுவிட்டார்கள்.

சங்கேதத்தை இவ்வளவு துல்லியமாகப் படித்தவன் கூட்டாளியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறீர்கள். நியாயமான சந்தேகம். நான் மறுக்கலாம். அந்த வரிகளுக்கு அர்த்தமே கிடையாது, அத்தனையும் நான் இட்டுக்கட்டியது, அது எனக்கு முதல் நாளே தெரியும் என்று சொல்லலாம். தெரியும்தான். ஆனால் அப்படிச் சொன்னால் அந்தப் பதினேழு பக்கமும் உளறல் என்று ஆகிவிடுமே.

கூட்டாளி என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எட்டாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது. அதை மட்டும் திருத்திக் கொடுக்கலாமா?