குடுவையக்கா நிறுத்திய கண்டுபிடிப்பு

அவையை ஆளும் தலைவர் அவர்களே! அறிவிலும் அனுபவத்திலும் மூத்த ஆன்றோர்களே! அன்பின் வடிவான தாய்மார்களே! "சீக்கிரம் முடிங்க" என்று முதல் வரிசையிலிருந்து கண்ணாலேயே கட்டளையிடும் என் மனைவி அவர்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

நம் ஆய்வுக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிய குடுவையக்கா இன்று ஓய்வு பெறுகிறார். கழுவியது குடுவையை மட்டுமா? ஒருநாள் என் கர்வத்தையும் கழுவினார்! பொறுங்கள், கைதட்டாதீர்கள், கதை இனிமேல்தான்.

நம் உடலில் ஒரு செல்லுக்குள் சுருண்டு கிடக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் ஆள் உயரத்தைத் தாண்டும். செல் இரண்டாகப் பிரியுமுன் அத்தனையையும் படியெடுத்தாக வேண்டும். ஆயிரமாயிரம் இடங்களில் தொடங்கும் அந்த வேலை! இடத்துக்கு ஒரே ஒரு அனுமதி. தொடங்கியதும் அனுமதி ரத்து! பிரிந்து முடியும்வரை மறு அனுமதி உண்டா? கிடையாது! குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு!

அந்த விதியை மீறிய செல்களைக் கண்டுவிட்டதாக நான் துள்ளினேன். இரண்டு மடங்கு இருக்க வேண்டிய டி.என்.ஏ., செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் கருவியில் நான்கு மடங்கு காட்டியது. புதுக் கோட்டு தைத்தேன். புகைப்படம் எடுத்தேன். உலகுக்கு அறிவிக்கக் கடிதம் எழுதினேன். என் மனைவி என்ன சொன்னார் தெரியுமா?

"வீட்டுச் சாவிய எங்க வச்சீங்கன்னே தெரியல. நீங்க செல்லோட ரகசியத்தக் கண்டுபிடிச்சீங்களா?"

சிரிக்காதீர்கள் ஐயா, உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது!

கடிதம் அனுப்பவிருந்த காலை, நுண்ணோக்கியைத் துடைத்த குடுவையக்கா, அதில் நான் வைத்திருந்த செல்களைக் கண் வைத்துப் பார்த்தார்.

"சார், எல்லாம் ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டு இருக்குங்களே?"

"உங்க வேலையப் பாருங்கக்கா!" என்று சீறினேன். அவர் முகம் வாடியது. ஆனாலும் நகரவில்லை.

"திட்டுங்க சார். ஒரே ஒரு தடவ பாத்துட்டுத் திட்டுங்க."

பார்த்தேன். வேர்த்தேன்! படியெடுத்து முடித்த இரண்டு செல்கள் ஒட்டிக்கொண்டு நிற்க, கருவி அவற்றை ஒரே செல்லாக எண்ணியிருக்கிறது! அவசரத்தில் சல்லடையில் வடிகட்டிப் பிரிக்காமல் விட்ட அறிவாளி யார்? இதோ, உங்கள் முன் நிற்கிறேன்! வடிகட்டி அளந்தேன். நான்கு மடங்கு காணாமல் போனது. செல் ஒழுங்காகத்தான் இருந்தது, ஒழுங்கு தவறியவன் நான்!

கடிதத்தைக் கிழித்தேன். "மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"அது கெடக்கட்டும் சார். அந்தக் குடுவைய ஊற வச்சுட்டுப் போங்க, காஞ்சா கழுவ முடியாது."

அவையோரே! படியெடுக்கும்போது டி.என்.ஏ.வில் சேதம் கண்டால் செல் என்ன செய்கிறது? நிற்கிறது! பழுது பார்க்கிறது! பிறகே தொடர்கிறது! கண்ணுக்குத் தெரியாத செல்லுக்கு இருக்கும் அந்த நிதானம், கோட்டுப் போட்ட எனக்கு இல்லையே! என்னை நிறுத்தியவர் படித்த பட்டம் என்ன? பார்த்த கண்! பார்த்ததைச் சொன்ன வாய்! சீறியபோதும் நகராத கால்கள்! அந்தத் துணிவு நம் கூடத்தில் ஒவ்வொருவருக்கும் வரட்டும்! அதைக் கேட்கும் காது என்னைப் போன்றவர்களுக்கு வரட்டும்!

குடுவையக்கா, எழுந்து நில்லுங்கள், அவை உங்களைப் பார்க்கட்டும். பொறுமையுடன் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லி, அக்காவைக் கைகூப்பி வணங்கி அமர்கிறேன்.