சுருளும் தட்டும்

முத்தழகு: ...பத்தே நிமிசந்தான் தம்பி. பொண்ணு பாக்க வந்தவுகள எங்கண்ணன் ஒத்தையில பேச விட மாட்டாரு. அத்தைக்காரி நான் இங்கனயே ஒக்காந்து பூக் கட்டுறேன். எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டுப் பேசுங்க.

மருதுபாண்டி: இருங்கத்தை, நல்லதுதான். ...ஒங்க பேரு?

மாரிச்செல்வி: மாரிச்செல்வி. வெளிய சொன்னாகளே.

மருதுபாண்டி: ஆமா, சொன்னாக. காரைக்குடியில என்னமோ ஆராய்ச்சி பண்றீகன்னும் சொன்னாக.

மாரிச்செல்வி: ம்... இன்னும் ஒரு வருசம் இருக்கு. அதக் கேட்டுத்தான் இதுக்கு முன்னாடி வந்த மூணு பேரும் பஜ்ஜியத் தின்னுட்டு, முதுகுளத்தூர் பஸ்ஸப் பிடிச்சுப் போயிட்டாக.

மருதுபாண்டி: நான் போகல. சொல்லுங்க, என்ன ஆராய்ச்சி?

மாரிச்செல்வி: திரவப் படிகம்.

முத்தழகு: தம்பிக்கு வெளங்குறாப்ல சொல்லுத்தா. எனக்கே இன்னும் வெளங்கல.

மாரிச்செல்வி: தண்ணி கணக்கா ஓடும். ஆனா உள்ளுக்குள்ள படிகம் மாதிரி ஒரு ஒழுங்கு இருக்கும். டிவியில, செல்போன்ல இருக்கே, அந்த ஜாதிதான். நாங்க புதுசா ஒண்ணு செய்றோம். ஒரு புரதச் சங்கிலி... ஸ்பிரிங் மாதிரி சுருண்டு இருக்கும். இன்னொண்ணு தட்டையான மூலக்கூறு, தட்டு மாதிரி...

மருதுபாண்டி: தட்டுன்னா... இட்லித் தட்டா?

மாரிச்செல்வி: அதவிடப் பல கோடி மடங்கு சின்னது! சுருளுக்கு பிளஸ், தட்டுக்கு மைனஸ். ரெண்டையும் தண்ணியில கரைச்சு ஒண்ணா ஊத்துனா, தட்டெல்லாம் போயி சுருளப் பிடிச்சுக்கிட்டு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக்கிரும்.

முத்தழகு: ஆரு அடுக்குறது?

மாரிச்செல்வி: ஆரும் இல்லத்தை. தானாச் சேந்துக்கிரும்.

முத்தழகு: அடி ஆத்தி! தானாவா?

மாரிச்செல்வி: தானாத்தான். அந்த அடுக்கு வழியா கரண்டு போகுமான்னு பாக்குறோம். சூடாக்கி மெதுவா ஆற விட்டு மைக்ராஸ்கோப்புல பாத்தா, கலர் கலரா விசிறி விரிச்சாப்ல தெரியும். அவசரப்பட்டா அந்த விசிறி வராது...

மருதுபாண்டி: அதுக்குத்தான் நிமிசத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல எறக்காதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்...

முத்தழகு: என்னது தம்பி?

மருதுபாண்டி: இல்லத்தை... பொதுவாச் சொன்னேன். நான் மிசின் ரிப்பேர் பாக்குற ஆளு இல்லியா... எந்த மிசினா இருந்தாலும் நிதானமாத்தான்...

முத்தழகு: அது சரி, அது சரி. ...பூப் பத்தல. அடுப்படியில இருக்கு, எடுத்துட்டு வாரேன்.

மாரிச்செல்வி: ...போயிருச்சா?

மருதுபாண்டி: போயிருச்சு.

மாரிச்செல்வி: அறிவிருக்கா ஒனக்கு? மூணு வருசமா எங்க லேபு மைக்ராஸ்கோப்புக்கு ரிப்பேர் பாக்க வர்றவன் நாந்தான்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு வர வேண்டியதுதான!

மருதுபாண்டி: வாயில வந்துருச்சு புள்ள. நீ சேலையில நிக்கிறியா... எனக்கு ஒண்ணும் ஓடல.

மாரிச்செல்வி: சிரிக்காத. நம்ம முன்னாடியே பழகுனவுகன்னு அய்யாவுக்குத் தெரிஞ்சா, தாம்பாளத்தத் திருப்பிக் குடுத்துருவாரு. எங்க பெரியப்பா மகளுக்கு அப்படித்தான் கல்யாணம் நின்னுச்சு. அதுவும் சொந்தத்து மாப்ள!

மருதுபாண்டி: அது கெடக்கட்டும். தரகரு எங்க வீட்டுக்கு ஒன் ஜாதகத்த எப்படிக் கொண்டாந்தாரு? நான் யாருட்டயும் மூச்சு விடலயே.

மாரிச்செல்வி: நானும் விடல. குலசாமி புண்ணியம்னு வச்சுக்க.

மருதுபாண்டி: நெசமாவே பயமா இருக்கு செல்வி.

மாரிச்செல்வி: எனக்குந்தான். இது நின்னு போச்சுன்னா நான்... என்னால இன்னொருத்தன் முன்னாடி காபித் தட்டோட நிக்க முடியாதுடா.

மருதுபாண்டி: அழாத, அழாத... ஸ்ஸ், வருது! ...அப்ப, ஒங்களுக்குச் சமைக்கத் தெரியுமாங்க?

மாரிச்செல்வி: தெரியாதுங்க.

மருதுபாண்டி: எனக்குத் தெரியுங்க.

முத்தழகு: நடிச்சது போதும், எந்திரிங்க. சம்மதம்னு நான் போயி சொல்லிர்றேன்.

மாரிச்செல்வி: நடிச்சதா? என்னத்தை சொல்ற நீ?

முத்தழகு: ஏத்தா, நீ டெங்குக் காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கெடந்தப்ப தொணைக்கு இருந்தது ஆரு? இந்தத் தம்பி மூணு நாளும் விடியுமுன்ன வந்து, கதவோரம் எளநிய வச்சுட்டு, ஒன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கும். நான் தலையோட போத்திக்கிட்டுக் கீழ படுத்திருந்தேன்... தூங்கிட்டேன்னு நெனப்பு! நர்சம்மா யாருன்னு கேட்டதுக்கு, மிசின் பாக்க வந்தேன்னுச்சு பாரு... எனக்கு வந்த சிரிப்ப அடக்க முந்தானையத்தான் கடிச்சேன்.

மருதுபாண்டி: அத்தை... அப்ப அந்தத் தரகரு...

முத்தழகு: நான் அனுப்புன ஆளுதான் மாப்ள. ஒங்க ஊரு, ஒங்க ஆளுக எல்லாம் வெசாரிச்சு, ஒங்கம்மா மனசக் கரைச்சு, இந்த யோசனை எங்கண்ணனுக்கு அவராத் தோணுனாப்ல ஆக்குறதுக்கு எனக்கு எட்டு மாசம் ஆச்சு. தானாச் சேருமாம்ல, தானா! கண்ணத் தொடச்சுக்கத்தா. ரெண்டு பேரும் வெளிய வந்து, இன்னிக்குத்தான் மொத மொத பாத்த மாதிரி நில்லுங்க... அந்த நடிப்பாச்சும் ஒழுங்கா வருதான்னு பாப்போம்.